ஒரு வெள்ளைப் புள்ளி

1

படத்தில் விழுந்த ஒரு கறுப்புக் கோடு பயமுறுத்தித்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வட கனடாவில் நான் பதினெட்டு வருஷமாக வாழும் டெனே பழங்குடி ஊரில், ஊர் அலுவலகச் சுவரில், அங்கே வேலை பார்க்கும் என் தோழி வெர்னா, எங்கள் ஏரியின் படங்களை ஒட்டுவாள். மேகத்தையும் இருட்டையும் ஊடுருவி, எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்கள். எதிர்க்கரை தெரியாத எங்கள் ஏரி, உறைந்த இடம் உறையாத இடம் எல்லாம் துலங்க, ஒரே தாளில் அடங்கிவிடும். இன்றைக்கும் அதன் முன் நின்றால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘நவம்பரின் வெண்மையில் கண்ணீர் மல்க நின்ற வெர்னா, அந்தப் படத்தை...’

வெர்னா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏண்டி, ஆபீஸ்ல படத்தைப் பாத்துட்டு எவளாவது அழுவாளா?”

சரி, அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

நடந்தது இதுதான். காலையில் அவள் கணவன் டால்ஃபஸ், பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையை எடுக்க, பனிவண்டியில் ஏரியைக் கடந்து போனான். மதியம் படம் வந்தது. அவன் போன தடத்துக்குக் குறுக்கே, கரைக்குக் கரை, கறுப்புக் கோடாக, பத்து மீட்டர் அகலத்தில் பிளவு. பொழுது சாயும்போது அதே தடத்தில் வேகமாகத் திரும்புவான்.*

ஆபத்தைக் கண்டவர்கள் தடத்தின் குறுக்கே ஊசியிலைக் கிளைகளை நட வேண்டும். கிளையைத் தாண்டி இங்கே யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள். ஆனால் அவன் வருவது அந்தப் பக்கத்திலிருந்து. கிளையும் அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

கறுப்புக் கோட்டின் நடுவே ஓரிடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு புள்ளி என்றால் பத்து மீட்டர். அது பனிப்பாலமாக இருக்கலாம். படத்தில் விழுந்த பிசிறாகவும் இருக்கலாம். மொத்த ஏரியையும் பார்த்த கண்ணுக்கு, அதன் மேல் நடந்து கடக்கப்போகும் ஒரு பெண்ணை அது தாங்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

“நீ போகாம வேற யாரையாவது அனுப்பியிருக்கலாமே?” என்றேன்.

“படத்தைப் படிச்சவ நான். பாலம்னு நான் சொல்லி, இன்னொருத்தி புருஷன் அதுல கால வைக்கணுமாக்கும்?”

(* ரேடியோவில் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். “அந்த மனுஷன் அதை மேசை மேலயே வச்சுட்டுக் கெளம்பிட்டாரு!”)

4

வெர்னா இங்கத்து வழக்கப்படி தண்ணீருக்கு ஒரு சிட்டிகை புகையிலையைக் காணிக்கையாகக் கொடுத்தாள். கிளைகளை முதுகில் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். ஒரே இடத்தில் மூன்று முறை ஓங்கிக் குத்தியும் தண்ணீர் வராவிட்டால் நடக்கலாம்.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் டால்ஃபஸ் கிளைகளைக் கண்டு வண்டியை நிறுத்தி, “ஏய், நீ எப்பிடி இந்தப் பக்கம் வந்தே?” என்று கத்துகிறான். மற்றதில், அவள் வருவதற்குள் அவன் வண்டி (இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

வெர்னா இதோ என் பக்கத்தில் தேநீர் குடிக்கிறாள். அவள் பிழைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டின் முன் நின்றவளுக்குத் தெரியாது. அப்புறம் டால்ஃபஸ்?

“அதை எழுதாதடி,” என்றாள். “அன்னைக்கு எனக்குத் தெரியாதது, படிக்கிறவங்களுக்கு மட்டும் எதுக்கு?”

அதனால் இங்கே நிறுத்துகிறேன். முதல் குத்து. தண்ணீர் வரவில்லை. இரண்டாவது. வரவில்லை. எதிர்ப்பக்கம், தூரத்தில், வண்டிச் சத்தம் கேட்கிறது.

கடப்பாரையைப் பிடியுங்கள். மூன்றாவது உங்களுடையது.