கரித்தாளில் ஒரு பெயர்

முப்பத்தாறாம் வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாகவே பிடித்திருந்தது. வந்தவர்கள் எல்லாம் அருவிக்கு ஓட, பட்டணத்துக் கல்லூரி வாத்தியார் அப்துல் ஜப்பார் மட்டும் பங்களாவுக்குள் உட்கார்ந்துகொண்டு, அகப்பட்டவனையெல்லாம் அப்பா சொல்லு, அக்கா சொல்லு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சீமையில் படித்துவிட்டு வந்தவர். உதடு எங்கே மூடுகிறது, நாக்கு எங்கே ஒட்டுகிறது, அடைத்த மூச்சு எப்படி வெடித்து வெளியே வருகிறது என்பதுதான் அவருக்கு ராப்பகல் கவலை. இப்படியும் ஒரு பிழைப்பா என்று பங்களாக் காவல்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

மேசைமேல் ஓர் உருளை. அதைச் சுற்றி, விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றிய தாள். சாவி கொடுத்தால் உருளை சுழலும். ரப்பர்க் குழாயில் வாய் வைத்துப் பேசினால், மறுமுனையில் இருக்கிற ஊசி கரியைக் கீறிக் கோடு போடும்.

முதலில் தென்காசியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். குழாயைக் கண்டதும் மேடைப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். அடுத்து வந்தவருக்கு முன்பல் இரண்டு இல்லை. கடைசியில் பங்களாவில் பாத்திரம் தேய்க்கிற சந்தனமாரிதான் வாய்த்தாள். முப்பது வயது, குறையில்லாத பல்வரிசை, பக்கத்து ஊர் இலஞ்சியைத் தாண்டிப் போகாத பேச்சு. அயல் ஆம்பிளை எதிரே உட்காரக் கூசினவளை, வாத்தியாரின் மனைவி ஹைருன் பீவி கூடவே உட்கார்ந்து தைரியப்படுத்தினாள்.

சந்தனமாரிக்கு அந்த வேலை பிடித்துப்போனது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவளிடம் யாரும் முகம் பார்த்துப் பேசி நாளாகிவிட்டது. புருஷன் கொழும்புக்குக் கப்பலேறி ஒன்பது வருஷம். முதல் வருஷம் இரண்டு கடிதாசி வந்தது, அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். மாமியார் இருந்தவரை வீட்டில் சத்தம் இருந்தது. அவளும் போய்ச் சேர்ந்த இந்த ரெண்டு வருஷமாகப் பேச்சுத்துணைக்குக் கோழியும் அடுப்பும்தான். இங்கேயோ, அவள் 'பா' என்றால் படித்த மனிதர் ஒருவர் குனிந்து பார்க்கிறார். உதட்டை மூடியதும் ஊசி நேர்கோட்டில் ஓடும், திறந்ததும் துள்ளும். மூச்சு உள்ளே அடைபட்டு நிற்கிறது, அதுதான் அந்த நேர்கோடு என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அடைத்து வைத்திருப்பதற்குக்கூடவா கோடு உண்டு என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது.

நாலாம் நாள் வாத்தியார் சொற்பட்டியலை மாற்றினார். வாய்க்குப் பழகின சொல்லாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்து ஆள்பெயர்களாக எழுதி வைத்திருந்தார். சந்தனமாரிக்குப் படிக்கத் தெரியாது. அவர் வாசிக்க வேண்டும், அவள் குழாயில் சொல்ல வேண்டும். குத்தாலிங்கம் சொன்னாள். உச்சிமாகாளி சொன்னாள்.

"கடற்கரை" என்றார்.

அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டாள். காதில் விழவில்லையோ என்று அவர் உரக்கச் சொன்னார். ஹைருன் பீவிக்குத்தான் விளங்கியது.

"அது அவ வீட்டுக்காரர் பேரா இருக்கும். நான் மட்டும் உங்க பேரை ஒருநாளாவது சொல்லியிருக்கேனா?"

வாத்தியாருக்கு வெட்கமாகிப்போனது. பெயரை அடித்துவிடப் பென்சிலை எடுத்தார். அடிக்க வேண்டாம் என்று சந்தனமாரி கையமர்த்தினாள். மாமியாரோடு அந்தப் பெயரும் போயிருந்தது. வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை, இருக்கிற ஒருத்திக்கோ சொல்ல வழியில்லை. சொன்னால் கட்டினவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். இருக்கிறானோ இல்லையோ, அந்த ஆயுசைத் தன் நாக்கால் குறைக்க அவளுக்குத் துணிவில்லை. ஆனால் காதால் கேட்க ஆசையாக இருந்தது.

"நீங்க சொல்லுங்கய்யா. நான் கேட்டுக்கிடுதேன்."

அவர் எழுத்தெழுத்தாக, நடுவில் வல்லின றகரத்தை அழுத்திச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், அது இல்லை. கொஞ்சம் இளக்கிச் சொன்னார். அதுவும் இல்லை. நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். சீமைப் படிப்பு அத்தனையும் சேர்ந்தும் அந்த மனுஷனை அந்த அறைக்குள் கூட்டிவர முடியவில்லை. ஒவ்வொரு தரமும் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தன் வந்து நின்றான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, பிறகு கோபம்.

"அப்பிடி இல்லய்யா. கடக்கர."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கை தானாகத் தாலியைப் பிடித்தது. ஹைருன் பீவி தையலை மடியில் போட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

உருளைக்குச் சாவி கொடுத்திருக்கவில்லை. கட்டாயமில்லை, முடிந்தால் இன்னொரு தரம் என்று வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. சந்தனமாரி குழாயை எடுத்தாள், வாத்தியார் சாவி கொடுத்தார்.

மத்தியானச் சோற்றுக்கு வரப்பில் நின்று மாமியார் கூப்பிடுவாளே, அதே இழுப்பில் கூப்பிட்டாள்.

"ஏ கடக்கரே..."

ஊசி நின்று நின்று துள்ளி, கடைசியில் நீளமாக நடுங்கி அடங்கியது. மாமியார் கூப்பிட்டால், இந்தா வாரேன் என்று வயலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும், ஒரு நாளும் தவறியதில்லை. சந்தனமாரி குழாயை வாயைவிட்டு எடுக்காமல், மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தாள். வாத்தியார் உருளையை நிறுத்தக் கை நீட்டினார், ஹைருன் பீவி கண்ணாலேயே தடுத்துவிட்டாள். சாவி ஓய்ந்து உருளை தானாக நிற்கிற வரை ஊசி நேராகவே ஓடியது.