மாமா இடம் வந்த கதை

என் கணவரின் தாய்மாமா தார்கே, லாசாவைவிட உயரத்தில் இருக்கும் நக்சு மேய்ச்சல் வெளியிலிருந்து முதன்முறையாக லாசாவுக்கு வந்து இறங்கியதும் சொன்ன முதல் குறை, காற்று. வெளியூர்க்காரர்கள் இங்கே வந்தால் மூச்சு வாங்குகிறது என்று படுத்துக்கொள்வார்கள். இவருக்கோ எங்கள் ஊர் பள்ளமாம்.

"என்னம்மா மருமகளே, காத்து கூழு மாதிரி கனமா இருக்கு. தூக்கம் தூக்கமா வருது" என்றார்.

முதல் இரண்டு நாளும் அவர் ஊர் பார்த்த அழகே அழகு. மாடிப்படி என்றால் பயம். கூடாரத்தில் ஏது படி? சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். தெருவுக்கு வந்துவிட்டால் மட்டும் ராஜநடை. அவர் முன்னால் போவார், அவர் மனைவி யுத்ரோன் அத்தை சில எட்டு பின்னால் வருவாள். கடைகளைப் பற்றி, கார்களைப் பற்றி, லாசாக்காரர்களின் சோம்பலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே போவார். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

அத்தைக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரியும். "இந்தக் கூட்டத்துல என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று முதல் நாளே கெஞ்சினாள்.

"நீ பின்னாடி வா, போதும்" என்றார் மாமா.

மூன்றாம் நாள் பௌர்ணமி. கோயிலை வலம் வர, அதைச் சுற்றி வட்டமாகப் போகும் பர்கோர் தெருவில் ஊரே திரண்டிருந்தது. அங்கேதான் என் தொப்பிக் கடை. நான் விடியும் முன்பே வந்துவிட்டேன். அவர்கள் பிறகு கிளம்பி வந்திருக்கிறார்கள். முற்பகலில் மாமா மட்டும் என்னைக் கண்டு, கடை முன்னால் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவளைப் பாத்தியா?"

"ஏன், உங்க பின்னாடி இல்லையா?"

"இருந்தா உன்கிட்ட ஏன் கேக்கறேன்? பேசிக்கிட்டே வந்தேன், பதிலைக் காணோம். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். முன்னாடி போயிட்டா போலன்னு நானும் ஓடிக்கிட்டே இருக்கேன்."

போன் அத்தையிடம்தான் இருந்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அது மணியடிக்காது, ஓம் மணி பத்மே ஹூம் என்று பாடும். தெருவெல்லாம் ஆயிரம் வாய் அதையே முணுமுணுக்கும்போது மடிக்குள் ஒன்று பாடினால் யாருக்குக் கேட்கும்? பர்கோரில் தொப்பிக் கடைக்கா பஞ்சம்? என் கடை எதுவென்றும் அவளுக்கு அடையாளம் தெரியாது.

"சரி, இங்கேருந்து பாத்தா தலைதான் தெரியும். அத்தை என்ன நிறத்துல முக்காடு போட்டிருக்காங்க? நான் பாக்கறேன்."

மாமா தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ பின்னாடிதானே வந்தா?"

"இத்தனை வருஷமா பின்னாடிதான் வர்றாங்க. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையா?"

"செருமிக்கிட்டே வருவா. அது கேக்கும். வேறென்ன வேணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கூட்டத்தையே எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் அடங்கிவிட்டது.

"இங்கேயே உக்காருங்க மாமா. அத்தை இந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்?"

"எப்படிம்மா உக்கார? பயந்தவ. பேச்சும் தெரியாது. என்னைத் தேடி ஓடிக்கிட்டிருப்பா."

அதுதான் வம்பு. அவள் முன்னால் போய்விட்டாள் என்று இவர் ஓடுகிறார். இவர் முன்னால் போய்விட்டார் என்று அவள் ஓடுவாள். இரண்டு பேரும் செக்குமாடு மாதிரி ஒரே வேகத்தில் சுற்றினால் யாரை யார் பிடிப்பது?

"எதிர்ப்பக்கமா போங்க மாமா. பாதிச் சுத்துல பாத்துடலாம்."

தேள் கொட்டியதுபோல் துள்ளினார். "கோயிலையா? வலம் வர்றதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இடம் வர்றதுன்னு எங்கயாச்சும் உண்டா? எங்க யாக்கு மாடுகூட அப்படிச் சுத்தாது!"

"அப்ப சாயங்காலம் வரைக்கும் ஓடுங்க. புண்ணியமாவது சேரும்."

கோபத்தோடு ஓடினார், வலமாகத்தான். அடுத்த சுற்றில் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கும் அடுத்ததில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கோயில் பக்கம் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

"பெரியவரே, காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?"

"சேத்த புண்ணியத்தையெல்லாம் அவுத்துக்கிட்டே போறாருடோய்!"

ஆளாளுக்குக் கேலி. மாமா எதையும் காதில் வாங்காமல், தரையில் விழுந்து வணங்குகிறவர்களை மிதிக்காமல் ஒதுங்கி, கும்பிட்ட கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

தெற்கு மூலையில் அத்தை வந்தாள். மாமா அவளையும் பார்த்தார், பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விட்டார். அழுது வீங்கிய அந்த முகம் அவருக்குப் பழக்கமில்லை. அவள்தான் எட்டிச் சட்டையைப் பிடித்தாள்.

"என்ன அநியாயம் இது? எந்தப் பக்கமா சுத்தறீங்க? புத்தி கெட்டுப்போச்சா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அப்புறம் பிடித்த பிடியை விடாமல் தேம்பினாள். "விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

மாமா கையை நீட்டி, நழுவியிருந்த அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். பழக்கமில்லாத கை, இன்னும் கோணலாகிவிட்டது. பிறகு சரியான திசையில் திரும்பி நின்றார். நகரவில்லை.

"நீ முன்னாடி போ."

"நானா? எனக்கு வழி தெரியாதே!"

"வட்டம்தானே? நட."

அத்தை நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பினாள்.

"வர்றீங்களா?"

"வர்றேன்."

மறுபடி நாலு எட்டு, மறுபடி திரும்பினாள். பின்னால் வந்தவர்களெல்லாம் முட்டிக்கொண்டு முணுமுணுத்தார்கள். என்ன செய்வது, அவளுக்குத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடக்கத் தெரியவில்லை.