சமமான வழி

கோட்டையில் டிக்கெட் கிழிப்பவரிடம் அக்கா தெளிவாகத்தான் கேட்டாள். "கீழ பஸ் ஸ்டாண்டுக்கு சமமான வழி இருக்கா?"

"ஏன் இல்ல? கோட்டை வாசலைத் தாண்டி இடது பக்கம். சமம்தான்மா, கழுதையே இறங்கும்."

அந்தக் கழுதையைப் பற்றி அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். மேலே ஏற்றிவந்த ஜீப் பஞ்சராகிக் கிடந்தது. கடைசி பஸ் ஐந்தரைக்கு. மணி ஐந்தாகிவிட்டது. தம்பி அக்கா உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியின் பிடிகளைப் பற்றினான். "போலாம்கா, பத்து நிமிஷ வேலை."

முதல் வளைவு வரை வழி யோக்கியமாகத்தான் இருந்தது. வளைவுக்கு அப்புறம் சந்து குப்புற விழுந்தது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், நடுவில் நூற்றாண்டுகளாக மிதிபட்டு வழவழத்த கல். மத்தியானத் தூறல் இன்னும் காயவில்லை.

"இதாடா சமம்?"

"படி ஒண்ணும் இல்லையே."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் படி இல்லாத எல்லாமே சமம். திரும்பி மேலே போகவும் வழியில்லை, அவ்வளவு ஏற்றத்தில் அவனால் தள்ள முடியாது.

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவள் அவள். முழங்கால் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷமாகிறது, பாரத்தைப் பற்றிய அறிவு இன்னும் கைவிடவில்லை. "நாற்காலியைத் திருப்பு. நீ கீழ்ப்பக்கம் நில்லு, நான் மேல பாத்து வரேன். பின்பக்கமா இறக்கு."

"நான் பிடிச்சிருக்கேன்ல? பின்னால நடந்தா எனக்கு வழி தெரியாது."

"முன்பக்கமா போனா நான் மூக்கு உடைய விழுவேன்டா."

"விட மாட்டேன்கா. பேசாம உக்காரு."

ஊரில் அவன் ஒரு அலுவலகத்தில் பெரிய அதிகாரி. அங்கே யாரும் அவனைத் திருப்பச் சொல்வதில்லை.

நாற்காலி இறங்கியது. முதுகுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குத் தெரியாது, காதில் விழுவது மட்டும்தான். அவன் செருப்பு கல்லில் கீச்சிட்டது. மூச்சு வாய்வழியாக வந்தது. பத்தடிக்கு ஒருமுறை வலது பிடி மட்டும் லேசாக அதிர்ந்தது. இடது பிடி அதிரவில்லை. ஏன் வலது மட்டும்?

"கை வலிக்குதா?"

"இல்ல."

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது.

அடுத்த அதிர்வில் வலது பக்கம் காலியானது. நாற்காலி இடப்புறமாகத் திரும்பி, அவன் இடது கையிலிருந்தும் நழுவி முன்னே பாய்ந்தது. அவன் "அக்கா!" என்று கத்தியது மட்டும் கேட்டது. அவள் பிரேக்கை இழுத்தாள். சக்கரம் நின்றது, நாற்காலி நிற்கவில்லை. ஈரக்கல்லில் அப்படியே சறுக்கிக்கொண்டு போனது. உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்தினால் தோல் உரியும், ஆனால் நிற்காது என்று தெரிந்தது. இடது பிரேக்கை விட்டுவிட்டு வலது பக்கச் சுவரைப் பார்த்துச் சாய்ந்தாள். கால்வைக்கும் தட்டு சுவரில் மோதி மடங்கியது. முழங்கை உரசியபடியே நாற்காலி நின்றது.

கீழே இன்னும் நாற்பதடி. அடியில் பஸ் நிற்கும் சாலை.

எதிர் வாசலில் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரி வந்து நின்றாள். "ஏம்மா, ஜாக்கெட் தைக்க இவ்வளவு அவசரமாவா வரணும்?"

"சமமான வழின்னு சொன்னாங்க."

"சமம்தானே? படி வழி அந்தப் பக்கம். நூத்தி நாப்பது படி."

தம்பி ஓடிவந்தான். முகம் சுண்ணாம்பு போல இருந்தது. இந்தத் தடவை அவள் சொல்லாமலே நாற்காலியைத் திருப்பி, கீழ்ப்பக்கம் நின்றான். இருவருமே மேலே பார்த்து இருந்தார்கள், கீழே பார்க்க ஆள் இல்லை. தையல்காரி செருப்பை உதறிவிட்டு முன்னால் இறங்கினாள்.

"வாங்க... வாங்க... இங்க ஒரு கல்லு தூக்கி இருக்கு, இடது காலை எட்டி வைங்க. ஐயோ, உங்க இடது! ஆமா. நில்லுங்க. மூச்சு விடுங்க சார், அதுக்குக் காசு இல்ல."

அவன் நெஞ்சு நாற்காலியின் முதுகுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. இடது கையால் மட்டுமே பிடித்திருந்தான். வலது முன்கையை வெறுமனே பிடியின் மேல் போட்டிருந்தான். அக்கா திரும்பி அதைப் பார்த்தாள். பாதி வழியில் சண்டை போட முடியாது.

பாதியிலேயே பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அப்புறம் இன்ஜின். யாரும் வேகமெடுக்கவில்லை.

சாலை மட்டத்துக்கு வந்ததும் அவள் இரண்டு பிரேக்கையும் போட்டாள். பஸ் போயிருந்தது. தம்பி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

"கையைக் காட்டு."

"ஒண்ணும் இல்ல."

"காட்டுடா."

மணிக்கட்டு வீங்கி, பழைய ஆபரேஷன் தழும்பு இழுபட்டுச் சிவந்திருந்தது. சரியாகிவிட்டது என்று போனில் சத்தியம் செய்திருந்தான். டாக்டரும் சொல்லிட்டார் என்று வேறு.

"சொல்லியிருந்தா நான் கிளம்பியே இருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் அந்தக் கையைக் கீழே வைத்தாள், மெதுவாக இல்லை. அவன் முனகினான்.

"ஏங்க, ஐஸ் கிடைக்குமா?" என்று தையல்காரியிடம் கேட்டான்.

"முதல்ல ஒரு வண்டி கேளு," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரிக்கு. சமமான வழியா இருக்கான்னு நான் கேட்டுக்கறேன்."