ஈரச் சாக்கு வாடை

கேப்டவுனிலிருந்து திரும்பிய பத்தே நாளில் புருஷோத்தமன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார். செகந்திராபாத் சைனிக்புரியில் சனிக்கிழமை பஜனை அவர் வீட்டில்தான். கோஷ்டிக்குத் தலைவரும் அவரே. அப்பேர்ப்பட்டவர் மகன் ராகவேந்திராவோடு ஒயின் பண்ணை பண்ணையாகச் சுற்றினார் என்று தெரிந்தால் மானம் கப்பலேறாதா? "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமாடி?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, லேப்டாப்பிலிருந்து அந்த ஒரு நாள் படங்களை மட்டும் அழித்துவிட்டார்.

வசந்தகுமாரிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பென்குயினும் மலையும் யாருக்கு வேண்டும்? அவளுக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டும்.

கேப்டவுனை அடுத்த ஸ்டெல்லன்பாஷில் அது மூன்றாவது பண்ணை. மேஜையில் ஐந்து கிளாஸ் வரிசையாக வைத்து, துப்புவதற்கு ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். புருஷோத்தமன் ஒரு சொட்டைக்கூடத் துப்பவில்லை, அது வேறு கதை. வாயில் வைக்க மாட்டேன் என்றுவிட்ட வசந்தகுமாரி, சும்மா இருப்பானேன் என்று ஒவ்வொன்றாக முகர்ந்தாள். முதலாவதில் கொய்யாப்பழம் வாசனை. இரண்டாவதில் நாகப்பழம். ஊற்றிக் கொடுத்த பையன் கையிலிருந்த வாசனைக் குறிப்பு அட்டையைப் பார்த்து, சரிதான் என்று சிரித்தான். நான்காவதை முகர்ந்ததும் அவள் முகம் சுளித்தாள். "ஈரச் சாக்குல கட்டின அரிசி வாடை வரதுடா. கெட்டுப்போச்சு."

மகன் கூச்சத்தோடு மொழிபெயர்த்தான். அந்தப் பையன் முகர்ந்து பார்த்தான். குழம்பினான். உள்ளே போய் நரைத்தாடி முதலாளியை அழைத்து வந்தான். அவர் ஒரு முறைதான் முகர்ந்தார். தக்கை கெட்டு ஒயினைக் கெடுத்துவிட்டது, எங்கள் ஆட்களே கவனிக்கவில்லை என்று சொல்லி, பாட்டிலோடு வாளியில் கவிழ்த்தார். பிறகு புருஷோத்தமனிடம், "அம்மா என்ன வேலை பார்க்கிறார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நத்திங். ஹவுஸ்வைஃப்" என்றார் புருஷோத்தமன்.

முப்பத்தோரு வருஷமாகப் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவள். படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. உப்பு போட்டாயிற்றா, புளியின் பச்சை வாடை போயிற்றா என்பதெல்லாம் அவள் மூக்கு சொல்வதுதான். அந்த மூக்கை உலகத்தின் மறுகோடியில் ஒருவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. கட்டினவருக்கோ நத்திங்!

அந்தச் சனிக்கிழமை பஜனை முடிந்து, சுண்டல் கொடுத்த கையோடு டிவியில் கேப்டவுன் படங்கள் ஓடின. பென்குயின், கடல், மலை. திடீரென்று, அழிக்கும்போது கண்ணுக்குத் தப்பிய ஒன்று வந்து நின்றது: ஐந்து கிளாஸ், ஒன்றுக்குள் வசந்தகுமாரியின் மூக்கு.

"திராட்சை ஜூஸ் கம்பெனி" என்றார் புருஷோத்தமன் அவசரமாக.

மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் கோஷ்டி கிரிஜா விடுவாளா? 'ஏன்' என்பதற்கு அந்த ஊர் ஹிந்தியில் 'கைக்கு' என்றுதான் அவளுக்கு வரும். "ஜூஸை கைக்கு மோந்து பாக்கறீங்க வசந்தாம்மா?"

"ஜூஸ் இல்லை கிரிஜா, ஒயின்" என்றாள் வசந்தகுமாரி. அதோடு நிறுத்தவில்லை. கொய்யா, நாகப்பழம், ஈரச் சாக்கு, எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் ஒரு சொட்டும் துப்பாததை மட்டும் சொல்லவில்லை.

"ஹவ்! மூக்கா அது!" என்றாள் கிரிஜா. "அப்புறம்?"

"நான் என்ன வேலை பாக்கறேன்னு முதலாளி கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்கே சொன்னேன்? இவர்தான் பதில் சொன்னார்."

எல்லாத் தலையும் புருஷோத்தமன் பக்கம் திரும்பியது. பொய் சொல்லத் தெரியாதவரா அவர்? பெரிய சமையல் நிபுணர்னு சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்துவிடலாம். அப்படியாவது சொல்லித் தொலைக்கட்டுமே என்றுதான் அவளுக்கும் இருந்தது.

அவர் மடியிலிருந்த ஜால்ராவைக் கீழே வைத்தார்.

"நத்திங்னு சொன்னேன்" என்றார். "மூணு பண்ணையிலயும் குடிச்சவன் நான். எனக்கு ஒரு எழவும் தெரியலை. புத்திகெட்டுப் போய் இவளை நத்திங்னு சொன்னேன்."

வசந்தகுமாரி இன்னும் கொஞ்சம் சுண்டல் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனாள். அங்கே போய்த்தான் அழுதாள்.