சுவரில் இருந்த உண்ணிகள்

உண்ணி எடுக்க என் கையைப் போல இன்னொரு கை கிடையாது. பியூட்டி பார்லரில் பத்து வருஷமாகப் புருவ முடி பிடுங்கிய கை. புருஷனை விட்டுவந்து தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த எனக்கு, என்னுடையது என்று சொல்ல வாலு ஒன்றுதான் இருந்தது. கூடவே வந்த நாய். தினமும் காலையில் அதன் காதை மடித்து, விரல் இடுக்கை விரித்து, ப்ளக்கரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பேன். சோப்புத் தண்ணீர் பாட்டிலில் போடுவேன். அது அசையாமல் படுத்து என் முழங்காலை நக்கும்.

ஒருநாள் தம்பி குழந்தையின் தலையணையில் ஓர் உண்ணி ஊர்ந்தது. தம்பி பெண்டாட்டி வீட்டையே இரண்டாக்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்ணி ஒழியலைன்னா நாய் போயிடணும்க்கா."

நாய் டாக்டரிடம் ஓடினேன். வாலுவுக்கு மாத்திரை கொடுத்தார். "நாய் மேல ஒண்ணு இருந்தா சுவத்துல பத்து இருக்கும்மா. மருந்தடிச்சு விரிசலை அடைங்க" என்றார்.

மருந்தை அன்றைக்கே அடித்துவிட்டேன்; விரிசல்தான் பாக்கி. தம்பி கொத்தனார். ஊரார் சுவரையெல்லாம் வழவழவென்று பூசுகிறவன் வீட்டு விரிசலில் என் விரலே நுழையும்!

"ரெண்டு கரண்டி சிமெண்ட்டுடா."

"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா."

அவனுடைய நாளை எனக்குத் தெரியாதா? நானே சிமெண்ட்டைக் குழைத்தேன். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"கொத்தனார் வீட்டுச் சுவத்த அக்கா பூசுனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? வை அதை."

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது. வாலுவைத் தம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டானாம்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானேடா பேச்சு? அது மேல ஒரு உண்ணி இருந்துச்சா? சொல்லுடா பாவி!"

"நாய் போனா உண்ணியும் போயிடும்க்கா."

மூன்று நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெருத் தெருவாகக் கூப்பிட்டுத் திரிந்தேன். தொண்டை போனதுதான் மிச்சம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்த வாரம், கடிக்க நாயில்லாத உண்ணிகள் சுவரைவிட்டு இறங்கின. தம்பி சட்டையைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து குந்தினான். கழுத்துக்குப் பின்னால் ஒன்று, அக்குளில் இரண்டு.

"உன் கைதான்க்கா வலிக்காம எடுக்கும்."

ப்ளக்கரை எடுத்தேன். தோலோடு ஒட்டிப் பிடித்தேன். "ஐயோ" என்று துள்ளினான்.

"ஆடாம இருடா" என்றேன். "வாலு ஆடவே ஆடாது."