ஒன்பதாம் கொக்கி

"இந்தக் கடிகாரம் சொல்ற பொய்யை நம்பித்தான் நான் குடும்பம் நடத்திட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் நின்றபடி டீ குடித்தார்.

சமையலறைக் கடிகாரத்தை எட்டு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவள் அவள்தான். கல்யாணமான முதல் மாதத்தில் செய்த காரியம் அது.

"அந்தப் பொய் இல்லேன்னா நீங்க ஒரு நாளாவது நேரத்துக்கு டிப்போ போய்ச் சேர்ந்திருப்பீங்களா?"

"எட்டு நிமிஷம்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அப்புறம் யாரைத்தான் ஏமாத்தறோம்?"

"உங்க தூக்கத்தை."

அவர் சிரித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர், கறுப்புக் குடையை எடுத்துக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டார்.

"இந்தா, உன் குடை. நேத்து உன்னை நனைய விட்டதுக்கு இன்னிக்கு நான் நனைஞ்சுக்கறேன். போதுமா?"

அவள் கோபம் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மீதி கால்வாசியை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாலு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆபீஸுக்கு வந்ததும் பலகையைப் பாரு. உனக்கு ஒரு வேடிக்கை வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து, மலைச்சாலையின் ஒரு வளைவில், ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று தன் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தது. அதை ஓட்டியவன் இரண்டு நாளாகத் தூங்காதவன். தூக்கம் தெரியாமல் இருக்கக் குடித்தும் இருந்தான். அவர் ஓட்டிய பேருந்தில் இருந்த இருபத்து மூன்று பேருக்குக் கீறலும் எலும்பு முறிவும். ஓட்டுநர் ஒருவர்தான் போனார்.

இந்தக் கணக்கில் தன் பங்கு என்ன என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். ஒரு வருடமாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதே டிப்போவில் டியூட்டி போடும் எழுத்தர் அவள். ஓட்டுநர் அறைச் சுவரில் ஒரு பெரிய மரப்பலகை. அதில் பன்னிரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றும் ஒரு தடத்துக்கு. ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு தகர வில்லை உண்டு. மறுநாள் யார் எந்தத் தடத்தில் போக வேண்டுமோ, அந்தக் கொக்கியில் அவர் வில்லையை முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். விடியற்காலையில் வருபவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறுவார். இரண்டாம் தடம் நகருக்குள் சுற்றுவது, சொகுசு. ஒன்பதாம் தடம் மலை ஏறுவது. அறுபத்திரண்டு வளைவு, இடுப்பு கழன்றுவிடும். ஒன்பது என்றாலே ஓட்டுநர்கள் முகம் எட்டுக் கோணலாகும்.

விபத்துக்கு முந்தின நாள் மாலை நல்ல மழை. குடை கொண்டு வருகிறேன் என்றவர், டீக்கடையில் யாரோடோ வாயடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அரை மணி நேரம் டிப்போ வாசலில் நனைந்தவள், கோபத்தோடு திரும்ப உள்ளே போனாள். மறுநாளுக்கு இரண்டில் மாட்டியிருந்த அவர் வில்லையைக் கழற்றி ஒன்பதில் மாட்டினாள். இரண்டில் வேறொருவர் வில்லை. டியூட்டித் தாளிலும் திருத்தினாள். அறுபத்திரண்டு வளைவு திரும்பட்டும், புத்தி வரும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சின்ன இனிப்பு இருந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த இனிப்பைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். எல்லாம் அவன் செயல். அவர் நல்லவர், அதனால் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டார். அவள் தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் வாதாடுவாள். கடவுள் கூப்பிட்டது உண்மையென்றால், அதற்கு என் கோபத்தையும் ஒரு குடிகாரனையும்தானா ஆளாகப் பிடித்தார்? அவர் கூப்பிடவில்லை என்றால் அனுப்பியவள் நான். இரண்டில் எது என்றாலும் சோறு இறங்காது. வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவாள். எல்லோரும் சேர்ந்து "உன் சித்தப்படியே ஆகட்டும்" என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவள் வாய் திறக்காது.

அதைக் கவனித்தவள் ஒருத்திதான். அவருடைய அக்கா, அவளுடைய நாத்தனார். கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருப்பவள். வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும். அந்த ஊசிகளுக்கு நடுவே பேசிப் பேசி, ஊசி இல்லாதபோதும் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுவாள்.

வருட நினைவு நாளுக்கு அழைப்பு அடிக்க வேண்டியிருந்தது. நாத்தனார் துணி அளவுக்கு வெட்டிய பழுப்புத் தாளிலேயே வாசகம் எழுதி வைத்திருந்தாள்.

"படிக்கிறேன் கேளு. 'இறைவன் சித்தப்படி எங்களை விட்டுப் பிரிந்த...'"

"வேண்டாம் அக்கா."

"எது வேண்டாம்? இன்னும் முதல் வரியே முடியல."

"அந்த முதல் வரிதான் வேண்டாம்."

நாத்தனார் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். அவள் ஊசியை எடுத்தால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

"அப்ப யார் சித்தம்டி?"

"லாரிக்காரன் சித்தம். தூங்காம, குடிச்சிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சானே, அவன் சித்தம்."

"அவனையும் படைச்சது அவர்தானே?"

"அதத்தானே நானும் கேக்கறேன்! ஏன் படைச்சார்? படைச்சதுதான் படைச்சார், அந்த ஒரு வளைவுல அவன் கையை ஒரு தட்டு தட்டக் கூடாதா? உலகத்தையே சுத்த விடறவருக்கு ஒரு ஸ்டியரிங் கனமா?"

நாத்தனார் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினாள்.

"எனக்குத் தெரியலடி" என்றாள் கடைசியில். "ஒரு வருஷமா நானும் தினமும் அவரோட சண்டைதான் போடறேன். கோவிச்சுக்கிட்டுப் போலாம்னா வேற எங்க போறது? தம்பி இருந்தா அவனோட சண்டை போடுவேன். அவனையும் எடுத்துக்கிட்டார்." மூக்கைச் சிந்தினாள். "சரி, அந்த வரியை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல டிப்போவுல போய் எல்லாரையும் வாயால கூப்பிட்டுட்டு வா."

டிப்போவில் எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது, ஒருவரைத் தவிர. அவரைக் கொட்டாவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் வாய் பிளக்கும் ஆசாமி. அவள் கணவரோடு பதினாறு வருடம் ஒரே டிப்போ, ஒரே டீக்கடை. விபத்துக்குப் பிறகு அவர் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வந்து வில்லையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எதிரே வந்தால் சட்டென்று டயர் கிடங்குக்குள் நுழைந்துவிடுவார். ஒரு மனிதனுக்கு அத்தனை டயர் வேலை இருக்காது. முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தனக்கே தன் முகம் பிடிக்காதபோது அவரைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

அன்றைக்கு அவள் சாப்பிடப் போகவில்லை. வண்டி கழுவும் இடத்தில் காத்து நின்றாள். கொட்டாவி வந்து, அவளைப் பார்த்து, திரும்பிப் போகப் பார்த்தார். பின்னால் பேருந்து, பக்கத்தில் சுவர். ஓட வழியில்லை.

"ஞாயித்துக்கிழமை நினைவு நாள். கட்டாயம் வரணும்."

"என்னால வர முடியாது அண்ணி."

"டியூட்டி நான்தான் போடறேன். உங்களுக்கு அன்னிக்கு லீவு."

"டியூட்டி இல்ல அண்ணி." கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்தார். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். "அன்னிக்கு ஒம்பது என் வண்டி. நான் போயிருக்கணும்."

"என்ன உளறல் இது? அவர் வில்லையை ஒம்பதுல மாட்டினது நான். இந்தக் கையால மாட்டினேன்." இவ்வளவு சுலபமாக வாயை விட்டு வந்துவிட்டதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வந்ததை நிறுத்தவும் முடியவில்லை. "மழையில நனைய விட்டாரேன்னு கோவம். வேணும்னே மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. நான்தான் அனுப்பினேன்."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"அவருக்கும் தெரியும். சாயந்திரம் ஏழு மணிக்கு டீக்கடையிலேருந்து வந்து பலகையைப் பாத்தாரு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'குடைக்கு ஒம்பது போட்டிருக்காடா. நல்லவேளை, தொப்பலா நனையல, நனைஞ்சிருந்தா பலகையையே என் தலையில மாட்டியிருப்பா'ன்னாரு. எனக்கு மறுநாளைக்கு ரெண்டாம் நம்பர். 'மாத்திக்கறியா'ன்னு கேட்டாரு. சரின்னேன். அவர் வில்லையை ரெண்டுலயும் என் வில்லையை ஒம்பதுலயும் அவரே மாட்டினாரு."

ஓட்டுநர்கள் தங்களுக்குள் இப்படி மாற்றிக்கொள்வது உண்டு. கொக்கிக்குக் கீழே சாக்பீஸால் ஒரு குறி போட்டால் போதும், மறுநாள் அவள் வந்து பார்த்துத் தாளில் திருத்திக்கொள்வாள்.

"குறி போட்டாரா?" என்று கேட்டாள்.

"குறியா? ஒம்பதாம் கொக்கிக்குக் கீழே ஒரு குடை வரைஞ்சாரு. குடைக்கு அடியில ஒரு பொம்பளை, மூக்கு மேல கோவத்தோட. 'நாளைக்கு வந்து பாக்கட்டும், வேடிக்கையா இருக்கும்'னாரு."

அவள் பேருந்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள். படி ஈரம். பரவாயில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என் பொண்ணுக்குக் காதுவலி அண்ணி. விடிய விடிய அழுதா. ஒரு பொட்டு தூங்கல நான். காலையில வந்து நின்னா தரை ஆடுது. 'இதோட மலை ஏறுவியா? நாப்பது உசிரு பின்னால உக்காந்திருக்கும்'னு அவர்தான் கேட்டாரு. நான் சமாளிச்சுக்கறேன்னேன். 'உன் கொட்டாவியில பஸ்ஸே உள்ள போயிடும், கொண்டா'ன்னு வில்லைகளைத் திருப்பி மாத்தினாரு. சட்டைக் கையால அந்தக் குடையை அழிச்சாரு. 'போச்சு, அவளுக்கு வெச்ச வேடிக்கை போச்சு'ன்னு சொல்லிக்கிட்டே போனாரு." கொட்டாவி அழுதார். "பழைய இடத்துக்கே வந்துட்டதால தாள்ல ஒண்ணும் மாறல. யாருக்கும் தெரியல. நான்தான் அண்ணி அவரைக் கொன்னுட்டேன்."

அவளுடைய கோபம் ஒன்பதாம் கொக்கியில் ஒன்றரை மணி நேரம்தான் தொங்கியிருக்கிறது. ஏழு மணிக்கே அதை அவர் கழற்றிச் சிரித்துவிட்டு, இரண்டாம் தடத்தில் சொகுசாகப் போகத் தயாராக இருந்திருக்கிறார். காலையில் குடையைக் கைப்பிடியில் மாட்டியபோது மன்னிப்புக் கேட்டது மட்டும் அல்ல, மன்னித்தும் இருக்கிறார். அதன் பிறகு யாரும் அனுப்பாமல், யாரும் கூப்பிடாமல், தானாகக் கை நீட்டி வில்லையை மாற்றி மாட்டியிருக்கிறார்.

அன்று காலை தூங்காதவர்கள் இரண்டு பேர். ஒருவனை யாரும் தடுக்கவில்லை, அவன் வண்டி எடுத்தான். இன்னொருவரை அவர் தடுத்தார். லாரிக்காரன் கையைத் தட்டிவிடுகிற கடவுள் கொக்கிக்கு நீண்ட அந்தக் கையையும் தட்டியிருப்பார். என் கையையும் ஐந்தரை மணிக்கே தட்டியிருப்பார். யார் கையும் அவரவர் கையாக இருந்திருக்காது. அது சரியான பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரிக்காரன் மேலிருந்த ஆத்திரம் இம்மியும் குறையவில்லை. ஆனால் மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. ஒரு வருடமாக அது நெஞ்சோடு திரும்பிக்கொண்டிருந்தது.

"அவர் சாவுக்கு நீங்க பொறுப்பு இல்ல" என்றாள். "நீங்க கேக்கல. நானும் அனுப்பல. அவர் போனார்."

"அப்படியா சொல்றீங்க?"

"அவரை யாராவது ஒரு வேலை செய்ய வெச்சிருக்காங்களா, பதினாறு வருஷத்துல? குடை கொண்டு வர வைக்கவே என்னால முடியல."

கொட்டாவி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே பெரிய கொட்டாவியாக மாறியது. வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றார். இந்த முறை அவளும் சிரித்தாள். கண்ணீர் தாடையில் வந்து நின்றது. அதைத் துடைக்கவில்லை.

"பொண்ணு காது இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு. நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது."

"ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு வாங்க."

சாயங்காலம் எல்லாவற்றையும் நாத்தனாரிடம் சொன்னாள், தன் கோபம் உட்பட. நாத்தனார் ஊசிகளை வாயிலிருந்து எடுக்காமலேயே கேட்டாள். முடிந்ததும், "மழையில நிக்க விட்டா நான் பன்னெண்டு நாளைக்கு ஒம்பது போட்டிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் மிஷின் ஓடியது. பிறகு பழுப்புத் தாளை எடுத்து முதல் வரியை அடித்துவிட்டு, 'தூங்காத நண்பருக்குப் பதிலாகத் தானே விரும்பி வண்டி எடுத்துப் போனவர்' என்று எழுதினாள்.

"இப்பச் சரியா?"

"சரி."

"கடவுளை எங்கயாவது ஓரமாவாவது போட்டுக்கலாமா? பாவம், அவரும் வீட்டு ஆள்தானே."

"கீழே போடுங்க. அவரும் வந்து உக்காரட்டும். கேக்க வேண்டியது எனக்கு இன்னும் நிறைய இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனையில் அந்த வரி வந்தபோது அவள் வாய் திறந்தது. "உன் சித்தப்படியே" என்று வரவில்லை. "அவரைப் பத்திரமா வெச்சுக்கோ" என்றுதான் வந்தது. பக்கத்தில் நாத்தனார் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். ஆனால் திருத்தவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கைப்பிடியில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மனதுக்குள் கழித்துக்கொண்டாள், இன்னொரு வாய் டீ குடிக்க நேரம் இருந்தது. அது இன்னும் எட்டு நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது.