முகங்களின் மேல் நெல்

மோகனசுந்தரம் தம் களத்து நெல்லைப் புகழ்பெற்றவர்களின் முகங்கள் மேல்தான் காயப்போடுவார். தம் ஊரான நல்லேப்பிள்ளியின் முக்கில் கட்டப்படும் பாராட்டு ஃபிளெக்ஸ்களை, விழா முடிந்ததும் அவிழ்த்து வந்து விரித்துவிடுவார். பாடகர், கட்சிக்காரர், தேர்வில் முதலிடம் பெற்ற பையன் என எல்லோர் மேலும் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறும்போது ஏதோ நியாயம் வழங்கிவிட்ட நிறைவு அவருக்கு.

"எவனையும் புடிக்காம எவனும் மேல வந்ததில்ல" என்பது அவருடைய மாறாத தீர்ப்பு.

சென்ற வாரம் மகள் அனுப்பிரியா மாநில நீளம் தாண்டுதல் போட்டியில் முதலிடம் பெற்றாள். தொலைபேசியில் அவர் முதலில் கேட்டது, "யாரப் புடிச்ச கண்ணு?" என்பதுதான். அவள் இணைப்பைத் துண்டித்தாள். இன்று மாலை முக்கில் அவளுக்கு வரவேற்பு. காலையிலேயே ஊர் வந்துவிட்டவள், அவரிடம் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

இருப்புக்கொள்ளாமல் தேநீர்க் கடைக்குப் போனார். மைத்துனர் ரத்தினசாமி காத்திருந்தவர்போலக் கேட்டார்.

"ஏனுங்க மச்சான், புள்ளைக்கு யாரப் புடிச்சீங்க?"

"வாயக் கழுவு! சின்னதுலயே வாய்க்கால ஒரே தாண்டாத் தாண்டுன காலு அது."

"அதெப்படீங்க? பாடகனுக்கு மந்திரி, அந்தப் பையனுக்கு வாத்தியாரு, போன வருசம் ஜெயிச்ச ஜோமோளுக்கு அவ மாமன்னு நீங்கதான சொன்னீங்க. நம்மூட்டுப் புள்ளைக்கு மட்டும் காலுங்களா?"

கடையே சிரித்தது. பாதித் தேநீரோடு எழுந்து நடந்தார்.

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. களத்தில் அனுப்பிரியா மண்டியிட்டு, ஒரு ஃபிளெக்ஸின் மேலிருந்த நெல்லைக் கைகளால் வழித்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து ஜோமோளின் முகம் வெளிப்பட்டது. போன வருடம் இதே போட்டியில் வென்றவள்.

"மழ வருது. காலால தள்ளு கண்ணு, சீக்கிரம் ஆவும்."

"இவ மேல மிதிக்க மாட்டேனுங்க."

ஒரு வாரம் கழித்து அவள் பேசிய முதல் சொல் அது.

"மொதத் தாண்டுலயே என் ஷூ பிஞ்சு போச்சுங்க. இவதான் தன்னோடதக் கழட்டிக் குடுத்தா. மாத்தி மாத்திப் போட்டுத் தாண்டுனோம். அவ ஷூவுல அவளையே ஜெயிச்சேன். யாரப் புடிச்சேன்னு கேட்டீங்களே, இவளத்தான்."

அவர் ஃபிளெக்ஸின் ஓரத்திலிருந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாயந்தரம் அவளும் வர்றா. மொதல்ல அவகிட்டப் பேசுங்க. அப்பறம் எங்கிட்டப் பேசலாம்."

"என்னன்னு பேசறது?"

"அத நாஞ் சொல்லித் தரோணுங்களா?"

முதல் துளிகள் விழுந்தன. அவர் குனிந்து, தோள்துண்டால் அந்த முகத்திலிருந்த உமித்தூசியைத் துடைத்தார். தூசி போயிற்று. ஆனால் இடப்பக்கக் கண் இல்லை. ஒரு வருடமாகக் கிளறிக் கிளறி அவருடைய குதிகாலே அதைத் தேய்த்துவிட்டிருந்தது. அவர் மறுபடியும் துடைத்தார்.

"நெல்லு நனையுதுங்க அப்பா."

அவர் நிமிரவில்லை. மாலையில் எதிரே வந்து நிற்கப்போகும் முகத்தில் கண்கள் இரண்டும் இருக்கும்.